உங்கள் விண்ணப்பம் எந்த மேசையில் இருக்கிறது?



மாணவர் பேரவை அறையில் மதிய இடைவேளையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஆண்டு முழுவதும் வரும் கேள்விகள் இரண்டே இரண்டுதான். செமஸ்டர் தொடங்கிய புதிதில், "அண்ணே, ஸ்காலர்ஷிப் போட இன்னும் டைம் இருக்கா?" பொங்கலுக்குப் பிறகு, "அண்ணே, போட்டு எத்தனையோ மாசம் ஆச்சு, இன்னும் காசு வரலையே!" மூன்றாம் ஆண்டு மின்னியல் படிக்கும் நான் இந்த இரண்டுக்கும் இரண்டு வருடமாகப் பதில் சொல்லிக் கொண்டிருக்கிறேன். டீ ஆறிப் போவதுதான் மிச்சம். ஆளாளுக்குச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் அடுத்த ஆண்டு தம்பி தங்கைகளுக்கும் உதவுமே என்றுதான் இக்கட்டுரை.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்வோம். உதவித்தொகை என்றால் கைச்செலவுக்கு வரும் காசு என்று சிலர் நினைக்கிறார்கள். நம்மில் பலருக்கு அது படிப்பே தான். தமிழ்நாட்டில் 11.9.2012 அன்று வந்த அரசாணை எண் 92-இன் பயனாகத்தான் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர் வீட்டுப் பிள்ளைகள் சுயநிதிக் கல்லூரிகளிலும் துணிந்து சேர முடிந்தது. கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அந்த ஏற்பாட்டில் பணம் வராமல் நின்றுவிட்டால் பீஸ் பாக்கி. பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் சமயத்தில் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். நின்று நின்று அலுத்துப் போய் வேலைக்குப் போனவர்களை நம் எல்லாருக்கும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசி நாள் ஒன்றல்ல

"லாஸ்ட் டேட் முடிஞ்சிருச்சு, இனி ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்பவர் பாதி உண்மைதான் சொல்கிறார். எந்தக் கடைசி நாள் என்று அவரைத் திருப்பிக் கேளுங்கள்!

தேசிய உதவித்தொகை இணையதளம், அதாவது என்.எஸ்.பி., 2015-இல் தொடங்கப்பட்டது. அதில் ஒவ்வொரு திட்டத்துக்கும் மூன்று தேதிகள் போட்டிருப்பார்கள். மாணவர் விண்ணப்பிக்க ஒரு தேதி, கல்லூரி சரிபார்க்க ஒரு தேதி, அதற்கு மேலே உள்ள அலுவலர் சரிபார்க்க ஒரு தேதி. நம் கண்ணில் படுவது முதல் தேதி மட்டும். ஆனால் முதல் தேதிக்குள் போட்டுவிட்டு இரண்டாம் தேதியில் கவிழ்ந்தவர்கள்தான் நான் பார்த்தவரை அதிகம். கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து சமர்ப்பித்துவிட்டு, பிரிண்ட் அவுட்டும் சான்றிதழ் ஜெராக்ஸும் கல்லூரி அலுவலகத்தில் கொடுக்காமல் ஊருக்குப் போய்விடுவார்கள். கல்லூரியில் சரிபார்க்காத விண்ணப்பம் மேலே நகராது. கணக்குப்படி நீங்கள் தாமதமே செய்யவில்லை, ஆனாலும் விண்ணப்பம் செத்துவிட்டது.

மாணவருக்கான தேதி தாண்டிப் போயிருந்தால் திட்டத்துக்குத் திட்டம் நிலைமை வேறு. ஏ.ஐ.சி.டி.இ. மாணவிகளுக்கு வழங்கும் பிரகதியை எடுத்துக் கொள்ளுங்கள். ஆண்டுக்கு 50,000 ரூபாய், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை. டிப்ளமோவில் முதலாம் ஆண்டு மாணவியும், நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்த மாணவியும்தான் புதிதாக விண்ணப்பிக்கலாம். அந்த வருடம் விட்டால் விட்டதுதான். அடுத்த ஆண்டு "ஃப்ரெஷ்" என்று போட வழியில்லை. மதிப்பெண் பார்த்துத்தான் தேர்வு செய்வார்கள், எல்லாருக்கும் கிடைத்துவிடாது. ஆனாலும் மூன்று ஆண்டுக்கு ஒன்றரை லட்ச ரூபாய் வாய்ப்பு ஒரே ஒரு தேதியில் தொங்குகிறது என்பதை முதலாண்டுத் தங்கைகள் மனதில் வைத்துக் கொள்ளவும். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான சக்‌ஷம் உதவித்தொகையும் ஆண்டுக்கு 50,000 தான். 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் இருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் தகுதி உள்ளவர்களே இதைப் பற்றிக் கேள்விப்படாமல் இருப்பது வருத்தமான விஷயம்.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இப்படி அல்ல. மாநிலத் துறைகள் நடத்துவதால், இங்கே கொஞ்சம் இளக்கம் உண்டு. தேதியை நீட்டித்த ஆண்டுகளும், விடுபட்டவர்களுக்காக இணையதளத்தை மறுபடி திறந்த ஆண்டுகளும் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் அப்படி நடக்கும் என்று நம்பி உட்காரக் கூடாது. ஆனால் நடக்கும்போது கையில் எல்லாச் சான்றிதழும் தயாராக வைத்திருப்பவன்தான் உள்ளே நுழைவான். தேதி முடிந்த பிறகும் சான்றிதழ் வேலையை நிறுத்தாதே என்று தம்பிகளிடம் நான் சொல்வது இதனால்தான். கூடவே முதல்வர் வழியாக மாவட்ட நல அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுத்து வைத்தால், விடுபட்டோர் பட்டியல் எடுக்கும்போது உங்கள் பெயர் அதில் இருக்க ஒரு வழி பிறக்கும். ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்கள் ஆதிதிராவிடர் நல அலுவலருக்கு எழுத வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்கள் பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலருக்கு. பலர் கலெக்டர் ஆபீஸ் போய் இதை மாற்றிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்!

இதற்கெல்லாம் பின்னால் இன்னொரு தேதி இருக்கிறது. மார்ச் 31. அரசின் நிதியாண்டு அன்றோடு முடிகிறது. அதற்குள் பட்டுவாடா ஆகாத பணம் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில்தான் வர வேண்டியிருக்கும். பிப்ரவரியில் 'நிலுவை' என்று கிடக்கும் விண்ணப்பத்தைப் பார்த்து நாம் பரபரப்பாக வேண்டியது இதனால்தான்.

சான்றிதழ் படலம்

தாமதமாகத் தொடங்குபவர் முதலில் கை வைக்க வேண்டியது வருமானச் சான்றிதழில். மற்றவை நம் கையில் இருப்பவை, இது பிறர் கையில் இருப்பது. இ-சேவை மையத்தில் பதிந்ததும் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணைத் தாசில்தார் என்று மூன்று பேரைத் தாண்டி வர வேண்டும். சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். அண்ணன் படிக்கும்போது வாங்கியதைத் தூசி தட்டிக் கொண்டு வராதீர்கள். போஸ்ட் மெட்ரிக்குக்கும் பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகைக்கும் வருமான வரம்பு 2.5 லட்சம்.

இங்கே ஒரு சின்னச் சூட்சுமம். இ-சேவையில் முதல் தடவை பதியும்போது 'கேன்' எண் என்று ஒன்று போடுவார்கள். அதில் எந்தக் கைபேசி எண் இருக்கிறதோ அதற்குத்தான் குறுஞ்செய்தி போகும். பல வீடுகளில் அந்த எண் மாமாவுடையதாகவோ, பழைய சிம்முடையதாகவோ இருக்கிறது. வி.ஏ.ஓ. "ரேஷன் கார்டு நகல் தெளிவாக இல்லை" என்று திருப்பி அனுப்பிய செய்தி மாமாவின் போனில் கிடக்கும், நாம் தாலுகா ஆபீஸில் கிடப்போம். விண்ணப்ப எண் உள்ள ரசீதைப் பத்திரமாக வைத்துக் கொண்டு இணையத்திலேயே நிலையைப் பாருங்கள். வி.ஏ.ஓ.விடம் நிலுவையில் இருந்தால் தாசில்தாரைப் போய்ப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

சாதிச் சான்றிதழ் பழைய அட்டையாக இருந்தால் மின்னணுச் சான்றிதழாக மாற்ற வேண்டியிருக்கும், அதற்கும் நாள் ஆகும். பழங்குடி நண்பர்கள் இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். அவர்கள் சான்றிதழ் தாசில்தாரோடு முடிவதில்லை, கோட்டாட்சியர் தர வேண்டியது.

அப்புறம் நம் ஊருக்கே உரிய தலைவலி, இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'செல்வம் கு'. ஆதாரில் 'செல்வம் குப்புசாமி'. பாஸ்புக்கில் வெறும் 'செல்வம்'. நமக்கு மூவரும் ஒருவரே. கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்! என்.எஸ்.பி.யில் 2024-25 முதல் ஒருமுறைப் பதிவு என்று ஆதாரை வைத்து 14 இலக்க எண் தருகிறார்கள். படிப்பு முழுவதற்கும் அந்த ஒரே எண்தான். ஆகவே பெயர் வேறுபாட்டை விண்ணப்பம் போட்ட பிறகு சரிசெய்து கொள்ளலாம் என்று விடக் கூடாது. மார்க் ஷீட்டை மாற்றுவது மலையைப் பிளப்பது போல. ஆதாரையும் பாஸ்புக்கையும் மார்க் ஷீட்டோடு பொருந்தச் செய்வதே சுலபம். இந்த வேலையை வருமானச் சான்றிதழுக்குக் காத்திருக்கும் நாட்களில் முடித்துவிடலாம்.

போட்ட பிறகுதான் வேலை

நம் லேபில் விளக்கு எரியவில்லை என்றால் ஒயரையெல்லாம் பிடுங்கிப் போடுவதில்லை. டெஸ்ட் லாம்ப்பை எடுத்து எந்த இடம் வரை சப்ளை வருகிறது என்று பார்த்துக் கொண்டே போகிறோம். விண்ணப்பத்துக்கும் அதே முறைதான். "காசு வரலை" என்பது பழுதின் பெயர் அல்ல. எந்த மேசை வரை வந்தது, எந்த மேசையில் நின்றது என்பதே கேள்வி. கல்லூரி உதவித்தொகைப் பிரிவு எழுத்தர், முதல்வர், மாவட்ட நல அலுவலகம், துறை இயக்ககம், பிறகு வங்கி. மாநில உதவித்தொகைகளுக்கு யு.எம்.ஐ.எஸ். தளத்திலும், மத்தியத் திட்டங்களுக்கு என்.எஸ்.பி.யிலும் நம் விண்ணப்பத்தின் நிலை தெரியும். மாதம் இருமுறையாவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். புதுமைப் பெண் (5.9.2022-இல் தொடங்கியது), தமிழ்ப் புதல்வன் (9.8.2024) இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய்க்கான பதிவு கல்லூரி வழியாகவே நடப்பதால் அங்கே முதல் சந்தேகம் கல்லூரி எழுத்தரிடம்தான் தீரும். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த விவரம் பள்ளிப் பதிவோடு ஒத்துப் போக வேண்டும் என்பதால், பாதி வழியில் பள்ளி மாறியவர்கள் எல்லாப் பள்ளிகளின் சான்றையும் வைத்திருப்பது நல்லது.

நிலையைக் காட்டும் வார்த்தைகளில் மிக மோசமானது 'நிராகரிப்பு' என்றுதான் நினைப்போம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 'குறைபாட்டுக்காகத் திருப்பி அனுப்பப்பட்டது' என்பதுதான் ஆபத்தானது. நிராகரிப்பு என்றால் போனது என்று தெரிந்துவிடுகிறது. திருப்பி அனுப்பியது என்றால் அது நம்மிடமே வந்து கிடக்கிறது, தேதிக்குள் திருத்தி மறுபடி சமர்ப்பிக்கலாம். ஆனால் நாம் பார்க்காவிட்டால் தேதி முடிந்து தானாகவே செத்துப் போகும்.

என்னோடு பத்தாம் வகுப்பு படித்த ஒருவன் வேறு மாவட்டத்தில் ஒரு சுயநிதி பாலிடெக்னிக்கில் சேர்ந்தான். கணக்கில் என்னைவிடக் கெட்டி. இரண்டாம் ஆண்டு விண்ணப்பத்தில் வருமானச் சான்றிதழ் மங்கலாகப் பதிவேறியிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில் யாரும் அவனிடம் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம் "ப்ராசஸ்ல இருக்கு" என்றே பதில் வந்தது. தேர்வுக் கட்டணம் கட்டப் போன அன்று பழைய பாக்கி முழுவதையும் கட்டச் சொன்னார்கள். நான்காவது செமஸ்டரோடு நின்றுவிட்டான். இப்போது டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போகிறான். தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பார்த்தேன். "அந்த ஒரு பக்கத்தை மறுபடி ஸ்கேன் பண்ணிப் போட்டிருந்தா போதும்னு அப்புறம்தான்டா தெரிஞ்சுது" என்றான். அவன் கெட்டிக்காரன், சம்பாதித்துக் கொள்வான். ஆனால் அவன் விரும்பியது வரைபலகையை.

"ப்ராசஸ்ல இருக்கு" என்பது பதிலே அல்ல நண்பர்களே. "எந்த லெவல்ல இருக்கு சார், என்னைக்கு உங்க லாகின்ல இருந்து போச்சு?" என்று மரியாதையாகக் கேட்டுத் தேதியைக் குறித்துக் கொள்ளுங்கள். எழுத்தரைக் குறை சொல்வதற்காக அல்ல, நூற்றுக்கணக்கான விண்ணப்பம் பார்க்கும் ஒருவருக்கு நம்முடையது ஞாபகம் இருக்காது. விண்ணப்ப எண்ணைச் சீட்டில் எழுதிக் கொண்டு போனால் அவருக்கும் எளிது.

வந்த பணம் வராத கதை

மேலே எல்லா மேசையும் தாண்டிவிட்டது, 'தொகை அனுப்பப்பட்டது' என்றும் காட்டுகிறது, பாஸ்புக்கில் மட்டும் ஒன்றுமில்லை. இதற்குப் பெரும்பாலும் காரணம் ஆதார். "நான் ஆதார் லிங்க் பண்ணிட்டேனே!" என்று எல்லாரும் சொல்வார்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுப்பது ஒன்று. அரசுப் பணம் வந்து சேர ஆதாரை அந்த வங்கியோடு சேர்த்து என்.பி.சி.ஐ. பட்டியலில் ஏற்றுவது வேறொன்று. முன்னது செய்தவுடன் பின்னது தானாக நடந்துவிடாது, அதற்குத் தனியாகச் சம்மதப் படிவம் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலில் ஒரு ஆதாருக்கு ஒரு நேரத்தில் ஒரே வங்கிதான். கடைசியாக எந்த வங்கி ஏற்றியதோ அங்கேதான் பணம் போகும். விண்ணப்பத்தில் நாம் எழுதிய கணக்கு எண்ணைத் தேடிப் போகாது.

நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்த ஒரு தங்கைக்கு இப்படித்தான் ஆனது. அழாத குறையாக வந்து நின்றது. மத்திய அரசின் பி.எப்.எம்.எஸ். தளத்தில் பணம் போய்விட்டதாகவே காட்டியது. ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியைத் திறந்து பார்த்தால் வேறொரு வங்கியின் பெயர்! ஊரில் முகாம் போட்டுப் போனிலேயே திறந்து கொடுத்த கணக்கு, திறந்ததையே அது மறந்து போயிருந்தது. மறுநாள் அங்கே போய் முழுப் பணத்தையும் எடுத்து வந்தது. அந்த ஆதார் தளப் பக்கத்தை விண்ணப்பிக்கும் முன்பே ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தக் கூத்தே வேண்டியதில்லை.

போஸ்ட் மெட்ரிக் வாங்கும் நண்பர்கள் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2021-இல் வந்த புதிய விதிமுறைப்படி ஆதிதிராவிட மாணவர்களின் தொகையில் மாநிலம் 40 பங்கு, மத்திய அரசு 60 பங்கு. மாநிலப் பங்கு விடுவிக்கப்பட்ட பிறகே மத்தியப் பங்கு, அதுவும் நேரே மாணவர் கணக்குக்கு. ஆகவே முதலில் வரும் தொகையைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று சோர்ந்து போக வேண்டாம், இரண்டாவது பின்னால் வரும். அதே சமயம் அதில் கல்விக் கட்டணமும் அடங்கியிருப்பதால் வீட்டில் எடுத்துச் செலவழித்துவிட்டால் கல்லூரியில் பாக்கி அப்படியே நிற்கும். கட்டணம் போக நம் கைக்கு என்று அதே விதிமுறையில் பாலிடெக்னிக்குக்குச் சொல்லப்பட்ட படி ஆண்டுக்கு விடுதி மாணவருக்கு 4,000, வீட்டிலிருந்து வருபவருக்கு 2,500. அப்பாவிடம் இந்தக் கணக்கை முன்பே விளக்கி வைப்பது நல்லது. கடன்காரர் வாசலில் நிற்கும்போது விளக்க முடியாது.

எங்கே போய்க் கேட்பது?

கல்லூரியிலும் மாவட்ட அலுவலகத்திலும் பதில் கிடைக்கவில்லை என்றால், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். இரண்டிலும் மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.

எனக்கு அதிக நம்பிக்கை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மேல்தான். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அது. பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட நல அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு வெள்ளைத்தாளில் எழுதினால் 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. அதில் "ஏன் எனக்குப் பணம் தரவில்லை?" என்று சண்டை போடக் கூடாது, தகவலைத்தான் கேட்க வேண்டும். இப்படி: 'எனது விண்ணப்பம் (எண் இன்னது) தங்கள் அலுவலகத்துக்குக் கல்லூரியிலிருந்து எந்தத் தேதியில் வந்தது? தற்போது எந்த நிலையில், எந்த அலுவலரிடம் உள்ளது? திருப்பப்பட்டிருந்தால் அதற்கான காரணமும் தேதியும் என்ன? தொகை அனுப்பப்பட்டிருந்தால் எந்தத் தேதியில், எந்த வங்கிக்கு?' நான்கே கேள்வி. பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வைத்துக் கொள்ளுங்கள். பல சமயம் இந்தக் கடிதம் போன பிறகு பதில் வருவதற்கு முன்பே விண்ணப்பம் நகர்ந்துவிடுகிறது. அது ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை!

என்னுடன் இந்த ஆண்டு வெளியேறும் மூன்றாம் ஆண்டு நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கடைசி ஆண்டுப் பணம் நாம் டி.சி. வாங்கிய பிறகு வரக்கூடும். பத்தாம் வகுப்பு முடித்து வந்தவர்களின் கணக்கு பெரும்பாலும் மைனர் கணக்கு. இப்போது 18 ஆகியிருக்கும், வங்கிக்குப் போய்ப் புதுக் கையெழுத்தும் ஆவணமும் கொடுத்து மாற்றிக் கொள்ளுங்கள். 'சிறு கணக்கு' என்ற வகையாக இருந்தால் மாதம் 10,000-க்கு மேல் எடுக்க முடியாது, அதையும் முழு ஆவணம் கொடுத்துச் சாதாரணக் கணக்காக்கிவிடுங்கள். உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கை இரண்டு வருடம் பயன்படுத்தவில்லை என்பதற்காகச் செயலற்றது என்று ஒதுக்கக் கூடாது என ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. கவுண்டரில் மறுத்தால் அதைச் சொல்லுங்கள். வேலை கிடைத்து ஒசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போகும்போது கம்பெனி புதிதாகச் சம்பளக் கணக்கு திறக்கச் சொல்லும். அங்கே நீட்டும் படிவத்தில் ஆதார் இணைப்புக்கான கட்டம் ஒன்று இருக்கும். அதில் டிக் போட்டால் அன்றிலிருந்து உதவித்தொகையும் அந்த வங்கிக்கே திரும்பிவிடும். போடலாம், தவறில்லை. வரவேண்டியது வந்ததா என்று இரண்டு பாஸ்புக்கையும் பாருங்கள்.